எலும்பு சொன்ன சாட்சி

கடற்கரையில் திமிங்கிலம் ஒன்று செத்து ஒதுங்கினால் ஊரே கூடிவிடும். எவ்வளவு நீளம், எத்தனை டன் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆய்வாளருக்கோ முதற்கேள்வி, 'இது எந்த இனம்?' என்பது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பக்கம் பல திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியபோது விடை எளிதாகக் கிடைத்தது. உருண்டைத் தலையும் கரிய உடலும் அவை பைலட் திமிங்கிலங்கள் என்று காட்டிக்கொடுத்தன. ஆனால் இலங்கையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்துக்குச் சரியான பெயர் உறுதியாக 51 ஆண்டுகள் பிடித்தன!

1963 ஜனவரி 26. கொழும்பை அடுத்த இரத்மலானைக் கரையில் சுமார் நாலரை மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. பறவையின் அலகுபோல் நீண்ட வாய் அதற்கு. தேசிய அருங்காட்சியக இயக்குநராயிருந்த டெரனியகல அதனை ஆராய்ந்து, இது புதிய இனம் என்றார். சிங்களத்தில் 'கூரிய அலகு' எனப் பொருள்படும் 'ஹோட்டவுலா' என்ற பெயரையும் சூட்டினார். இரண்டே ஆண்டுகளில் வேறு அறிஞர்கள் மறுத்தனர். ஜப்பானியர் 1958-இல் பெயரிட்ட 'கிங்கோப்பல்' திமிங்கிலமே இது என்பது அவர்கள் வாதம். ஒரே இனத்துக்கு இரு பெயர் இருந்தால் முந்தியதே நிற்கும் என்பது விதி. ஹோட்டவுலா என்ற பெயர் ஏட்டிலிருந்து நீங்கியது.

மறுத்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அலகுத் திமிங்கிலங்கள் ஆழ்கடல்வாசிகள். கண்ணில் படுவதே அரிது. இனம் பிரிக்கப் பெரிதும் உதவுவது கீழ்த்தாடைப் பல்லின் வடிவம். அந்தப் பல்லும் வளர்ந்த ஆணுக்குத்தான் வெளியே தெரியும். இரத்மலானையில் ஒதுங்கியதோ பெண்!

நான் இயற்பியல் ஆசிரியன். நட்சத்திரத்தைத் தொடாமலே, அதன் நிறமாலைக் கோடுகளைக் கொண்டு அங்கே இரும்பு இருக்கிறதா என்று நாங்கள் சொல்லிவிடுவோம். உயிரியலாருக்கு அத்தகைய கோடுகளாக வாய்த்தது டி.என்.ஏ. அதிலுள்ள நான்கு வேதி எழுத்துகளின் வரிசை இனத்துக்கு இனம் மாறுகிறது.

பழைய எலும்பில் டி.என்.ஏ. சிதைந்து, துண்டு துண்டாய், மிகச் சிறிதளவே இருக்கும். அதைப் பெருக்க 1983-இல் கேரி முல்லிஸ் ஒரு வழி கண்டார். ஏறக்குறைய 95 டிகிரி செல்சியசில் சூடாக்கினால் இரட்டை இழை பிரிகிறது; குளிர்வித்து நொதியைச் செயல்படவிட்டால் ஒவ்வோர் இழைக்கும் புதுத் துணை உருவாகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைதான். 30 சுற்றில் ஒரு துண்டு 107 கோடியைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

எங்கள் லப்பைக்குடிக்காட்டு மாணவர் ஒருவர், "காரையில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவத்திலும் இப்படிப் பார்க்கலாமா, சார்?" என்று கேட்டார். முடியாது. அவை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையுடையவை, டி.என்.ஏ. அவ்வளவு காலம் தாங்காது. அருங்காட்சியக எலும்புக்கு 50 ஆண்டு ஒரு பொருட்டல்ல.

மெரல் டேல்போட் தலைமையிலான குழு அத்தகைய எலும்புகளைத் துளையிட்டு ஆராய்ந்தது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே வருவது; ஒய் குரோமோசோம் தந்தைவழி வருவது; மற்றவை இருவரிடமிருந்தும் வருபவை. ஒரு வழியை மட்டும் நம்பினால் ஏமாறக்கூடும். இரு கூட்டமும் தமக்குள் கலந்திருந்தால் எங்காவது அடையாளம் குழம்பியிருக்கும். மூன்று வழியிலும் ஹோட்டவுலா தனியே நின்றது. 2014-இல் முடிவு வெளியாகி, பழைய பெயர் மீண்டது. டெரனியகல 1976-லேயே காலமாகிவிட்டார்.

இலங்கை, மாலத்தீவு, சீஷெல்ஸ், பசிபிக் தீவுகள் என அதுவரை இந்த இனத்தில் கிடைத்தவை 7 உடல்களே. அவற்றுள் ஒன்றில்தான் நல்ல திசு இருந்தது. மற்றவற்றில் எலும்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது. எனவே இன்று திமிங்கிலம் ஒதுங்கினால், புதைக்குமுன் சிறிது தோலை வெட்டி ஆல்கஹாலில் இட்டு வைக்கிறார்கள். அது வனத்துறையும் ஆய்வாளரும் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் கடற்கரைக்குப் போகும்போது அப்படி ஒன்றைக் கண்டால், தொடாமல் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.