கணக்கு தெரிகிறது, மூட்டை தெரியவில்லை

நடக்கிற வழியில் மூட்டையைப் போடுகிறார்கள் என்று இரண்டு வருடமாக எங்கள் மண்டிப் பையன்களைத் திட்டிவந்தேன். பருப்பு மூட்டையில் முழங்கால் இடிக்கும், குடோன் படியில் கால் தடுக்கும், கதவு நிலையில் தோள் மோதும். பேரேட்டில் பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் கண்ணைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ஒருநாள் மொபெட்டைத் திருப்பும்போது பக்கத்தில் வந்த சைக்கிள்காரர்மேல் ஏற்றப் பார்த்தேன். சத்தியமாக அவர் என் கண்ணுக்கு வரவே இல்லை. அவர் திட்டியது நியாயம்தான்.

கண் மருத்துவமனையில் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெகுநேரம் ஒன்றும் மின்னவில்லை, மெஷின் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். கெட்டது மெஷின் அல்ல. வந்திருப்பது கிளாக்கோமா என்றார் டாக்டர்.

பெரும்பாலும் கண்ணுக்குள் நீரழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடுவதால் வருவது இது. இயல்பான அழுத்தம் 10 முதல் 21 வரை, எனக்கு 28. பெரும்பாலும் வலி கிடையாது. முதலில் ஓரப் பார்வை போகும். எழுத்துப் படிக்கும் நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். போன இடம் கறுப்பாகவும் தெரியாது, மூளை எதையோ வைத்து ஒப்பேற்றிவிடும். சரக்கு குறைந்தும் இருப்பைச் சரியாகக் காட்டும் கணக்குப்பிள்ளை மாதிரி! போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டு மீதியைக் காக்கிறேன்.

மொபெட்டை மகனிடம் கொடுத்தது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சந்தைக் கூட்டத்தில் ஆட்கள் திடீரென்று முளைத்ததுபோல் வருவதால், தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்தே காலெடுத்து வைக்கிறேன். வெயிலிலிருந்து குடோனுக்குள் நுழைந்தால் கண் பழகும்வரை நிற்கிறேன். படி விளிம்புகளில் மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. தராசு, கைவண்டி எதுவும் இப்போது இடம் மாறுவதில்லை. உங்கள் கடையிலும் பெரியவர் யாராவது மேஜையோரம் வைத்த சில்லறையை விட்டுப் போனால், அடுத்த முறை கையில் கொடுங்கள்.

பையன்களிடம் வருத்தம் தெரிவித்தேன். "நீங்க திட்டுவீங்கன்னுதான் ஓரமா போட்டோம் முதலாளி" என்றான் ஒருவன்.

கூடப்பிறந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகமாம். 40 வயதுக்குமேல் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வத்தல் கடை வைத்திருக்கும் என் தம்பியோ, "ஊசியில நூல் கோக்கிறேன், எனக்கென்னண்ணே?" என்கிறான். வெள்ளிக்கிழமை அவனை அழைத்துப் போகிறேன். வண்டியை மகன் ஓட்டுவான்.