ஆணா, பெண்ணா? சீனர் போட்ட கணக்குகள்

கருவுற்ற தாயின் வயதையும் கருத்தரித்த மாதத்தையும் கொண்டு, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கூறிவிடும் ‘சீனக் கட்டம்’ என்றோர் அட்டவணை இந்நாளில் கைப்பேசி வாயிலாக வீடுதோறும் உலவி வருகிறது. நம் அங்கத்தினர் இல்லங்களிலும் அது நுழைந்திருக்கக்கூடும். கணக்கு என்ற உருவில் வருவதை மதிப்பது நம் இயல்பு. ஆயினும் தணிக்கை செய்யாத கணக்கை ஏற்பது கூட்டுறவில் வழக்கமன்று. ஆகவே சீன நாட்டில் இத்தகைய கணிப்புகள் எவ்வாறு வழங்கின என்பதையும், அவற்றின் மெய்ம்மை யாது என்பதையும் சற்றே ஆராய்வோம்.

‘சுன்ட்ஸி கணித நூல்’ என்பது அந்நாட்டின் பழைய கணித நூல்களுள் ஒன்று. கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் 5ஆம் நூற்றாண்டுக்கும் இடையே எழுந்ததென அறிஞர் கருதுவர். அதன் மூன்றாம் பகுதியில் உலகப் புகழ் பெற்ற ஒரு கணக்கு உள்ளது. ஓர் எண்ணை மூன்றால் வகுக்க மீதி 2, ஐந்தால் வகுக்க மீதி 3, ஏழால் வகுக்க மீதி 2. எனில் அவ்வெண் யாது என்பது அது. விடை 23. இதன் வழிவந்த தேற்றத்தைச் ‘சீன மீதித் தேற்றம்’ என்றே இன்றும் உலகத்துக் கணித வல்லுநர் அழைக்கின்றனர்.

அதே பகுதியின் கடைசிக் கணக்கோ வேறு வகையானது. கருவுற்ற பெண் ஒருத்திக்கு வயது 29, மாதம் ஒன்பது. அவள் பெறப்போவது எக்குழந்தை என்று நூலாசிரியர் வினவுகிறார். 49 என்னும் எண்ணுடன் மாதத்தைக் கூட்டி வயதைக் கழிக்க வேண்டும். வருவது 29. அதிலிருந்து வானத்துக்கு 1, பூமிக்கு 2, மனிதனுக்கு 3, பருவங்களுக்கு 4, பூதங்களுக்கு 5, இசைக்குழல்களுக்கு 6, விண்மீன்களுக்கு 7, காற்றுகளுக்கு 8, நாட்டுப் பிரிவுகளுக்கு 9 என்று, கழிக்க இயலும் வரையில் கழித்துக்கொண்டே வரவேண்டும். ஏழு வரை கழித்தால் 28 போய் மீதி 1 நிற்கும். மீதி ஒற்றையெண்ணாயின் ஆண், இரட்டையெண்ணாயின் பெண். ஆகவே ஆண் குழந்தை என்று விடை கூறப்பட்டிருக்கிறது.

கூட்டலிலும் கழித்தலிலும் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மாதம் என்பதைக் கருவுற்ற மாதம் என்று கொள்வோர் கூற்றின்படி, அதே பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். 49 உடன் 7 கூட்டி 29 கழிக்க 27 வரும். ஆறு வரை கழித்தால் மீதி 6. பெண் குழந்தை என்றாகிறது! ஏழாம் மாதத்தில் பெண்ணாயிருந்த கரு ஒன்பதாம் மாதத்தில் ஆணாகிவிடுகிறது. மாதத்துக்கு மாதம் ஒரே கடனுக்கு வெவ்வேறு பாக்கி காட்டும் பேரேட்டை நாம் என்ன செய்வோமோ, அதையே இதற்கும் செய்யவேண்டியதுதான்.

நிற்க. மருத்துவர்களும் இத்துறையில் பின்தங்கவில்லை. 3ஆம் நூற்றாண்டில் வாங் ஷுஹே இயற்றிய ‘மாய் ஜிங்’ என்னும் நாடி நூல், இடக்கை நாடி விரைந்து அடித்தால் ஆண், வலக்கை நாடி விரைந்தால் பெண் என்று கூறுகிறது. கருவுற்றவளைத் தெற்கு நோக்கி நடக்கவிட்டுப் பின்னாலிருந்து அழைக்கவேண்டும், இடப்புறம் திரும்பினால் ஆண், வலப்புறம் திரும்பினால் பெண் என்றும் அந்நூலில் காண்கிறது. இடப்புறம் யாங் எனப்படும் ஆண் தன்மைக்கும், வலப்புறம் யின் எனப்படும் பெண் தன்மைக்கும் உரியன என்ற கொள்கையே இவற்றிற்கெல்லாம் அடிப்படை. பாமர மக்களிடமோ புளிப்பை விரும்பினால் மகன், காரத்தை விரும்பினால் மகள் என்றும், வயிறு கூராக இருந்தால் மகன், உருண்டையாக இருந்தால் மகள் என்றும் எளிய குறிகள் வழங்கின.

முன்னறிவதோடு நில்லாமல் மாற்றவும் முயன்றனர். 1973இல் ஹூனான் மாகாணத்தில் மாவாங்துய் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட கல்லறையொன்றில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அக்கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. மூன்றாம் மாதத்தில் கருவின் வடிவம் இன்னும் நிலைபெறவில்லை, தாய் காண்பதற்கேற்ப அது மாறும் என்பது அச்சுவடிகளுள் ஒன்றின் கருத்து. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரும் மருத்துவர் சுன் ஸிமியாவின் நூலில் விந்தையான முறையொன்று உள்ளது. ஆண் குழந்தை வேண்டுவோர், கருவுற்றவளின் படுக்கைக்கு அடியில், பிறர் அறியாமல், கோடரி ஒன்றை அதன் வாய் கீழ்நோக்குமாறு வைக்கவேண்டும். நம்பிக்கை இல்லாதோர் கோழி அடைகாக்கும்போது அதன் கூட்டின் கீழ் அவ்வாறே வைத்துப் பார்க்கட்டும், குஞ்சுகள் அத்தனையும் சேவலாகவே பொரிக்கும் என்கிறது அந்நூல். சோதித்துப் பார்க்கும்படி அழைத்த அளவில் அதைப் பாராட்டலாம். ஆனால் கோழியினத்தில் குஞ்சு சேவலா பெட்டையா என்பது, முட்டை அடைக்கு வைக்கப்படும் முன்னரே முடிவாகிவிடுகிறது. கோடரிக்கு அங்கு வேலையில்லை. முட்டைக்காகக் கோழி வளர்க்கும் நம் அங்கத்தினருக்கு அத்தனையும் சேவலாகப் பொரிப்பது நட்டமே என்பது வேறு செய்தி.

இனி, இன்று வழங்கும் கட்டத்துக்கு வருவோம். 18 முதல் 45 வரையான வயதுகள் ஒருபுறம், பன்னிரண்டு மாதங்கள் மறுபுறம். ஆக 336 அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஆண் அல்லது பெண் என்று குறித்திருக்கும். வயதைச் சீன முறைப்படி எண்ணவேண்டும். பிறந்த அன்றே குழந்தைக்கு ஒரு வயது, சந்திரப் புத்தாண்டு வந்ததும் இன்னொரு வயது. புத்தாண்டுக்கு முதல்நாள் பிறந்த குழந்தைக்கு மறுநாளே வயது இரண்டு! மாதமும் சந்திர மாதமே. பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு மிகை மாதங்கள் அப்பஞ்சாங்கத்தில் நுழைகின்றன. கட்டத்திலோ அவற்றிற்கு இடமில்லை. இதைச் சிங் அரசவைக் கட்டம் என்பர். 700 ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங் அருகே அரச கல்லறையில் கிடைத்தது என்றும் சேர்த்துக் கூறுவர். சிங் அரச மரபு சீனத்தை ஆளத் தொடங்கியது 1644இல். ஆண்டுக்கணக்கே ஒத்துவரவில்லை.

கட்டத்தை முறையாகத் தணிக்கை செய்தவர்களும் உண்டு. 1973 முதல் 2006 வரை சுவீடன் நாட்டில் பதிவான 28 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை அதனுடன் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2010இல் வெளியாயிற்று. நூற்றுக்கு ஐம்பதே பொருந்திற்று. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கு மேல் கட்டத்துக்கு எவ்வித ஆற்றலும் இல்லை என்பது முடிவு. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறப்பதால், கேட்டவர்க்கெல்லாம் ‘ஆண்’ என்றே சொல்லிவருபவன் நூற்றுக்கு ஐம்பத்தொன்று சரியாகச் சொல்லிவிடுவான். கட்டம் அவனுக்கும் பின்னால் நிற்கிறது.

பின் ஏன் மக்கள் நம்புகின்றனர்? பத்து வீடுகளில் ஐந்தில் பலித்துவிடுகிறது. பலித்த ஐவர் ஊரெங்கும் சொல்லுவர்; பலிக்காத ஐவர் குழந்தையைக் கொஞ்சுவதில் மறந்துவிடுவர். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு இது. சீனத்துச் சோதிடர் சிலரின் சாமர்த்தியம் பற்றி ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. பழைய சீன எழுத்தில் நிறுத்தக்குறி இடும் வழக்கமில்லை. எனவே ‘ஆண் அல்ல பெண்’ என்பது போல ஒரு தொடரைத் தாளில் எழுதித் தந்துவிட்டு, குழந்தை பிறந்த பின் ‘ஆண், அல்ல பெண்’ என்றோ ‘ஆண் அல்ல, பெண்’ என்றோ நிறுத்திப் படித்துக் காட்டினராம்.

இம்முறைகள் அனைத்திலும் ஒன்று கவனிக்கத்தக்கது. தாயின் வயது, தாயின் நாடி, தாயின் வயிறு, தாய் திரும்பும் திசை, தாய் உண்ணும் புளி. எல்லாம் தாயைப் பற்றியவையே. தந்தையை எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1905இல் அமெரிக்க அறிவியலாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார் மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து, பாலை முடிவு செய்வது ஆணின் விந்தணு கொண்டுவரும் நிறக்கோல் என்று காட்டினார். மனிதரிலும் அவ்வாறே. தாயின் கருமுட்டையில் எக்ஸ் நிறக்கோல் மட்டுமே உண்டு. தந்தையின் அணு எக்ஸ் கொணர்ந்தால் பெண், ஒய் கொணர்ந்தால் ஆண். அப்படியிருக்க, மகன் பிறக்கவில்லை என்ற பழி பல நூற்றாண்டுகளாகத் தாயின் தலையிலேயே சுமத்தப்பட்டு வந்தது.

மகன் மீது அத்தனை வேட்கை எதற்கு? குலப்பெயர், நிலம், முன்னோர்க்குச் செய்யும் வழிபாடு யாவும் மகன் வழியே சென்றன; மகளோ மணம் முடிந்ததும் வேறு வீட்டைச் சேர்ந்தவள். பழஞ்சீனத்தில் ஆண் பிறந்தால் விளையாட மரகதக் கல்லும், பெண் பிறந்தால் தக்களியின் சுட்ட மண் வில்லையும் தருவது மரபாகச் சொல்லப்பட்டது. பெண் பிறந்த வீட்டை வாழ்த்தும் சீனத் தொடரில் அம்மண் வில்லை இன்றும் இடம்பெறுகிறது. ஆண் உழவு, பெண் நெசவு என்பது அவர்களது பழந்தொடர். தாங் மரபு ஆண்ட காலத்தில் அரசு தானியத்தோடு துணியையும் வரியாகப் பெற்றது. அவ்வரியின் ஒரு பகுதி பெண்ணின் விரல்களிலிருந்து வந்தது. அப்படியிருந்தும் மரகதத்துக்கு ஒரு மதிப்பு, மண் வில்லைக்கு ஒரு மதிப்பு. தறியில் உழைக்கும் நமக்கு இதன் அநீதி எளிதில் விளங்கும்.

கட்டமும் நாடியும் பொய்த்த வரையில் கருவிலிருந்த பெண்ணுக்கு அவற்றால் பெருந்தீங்கு விளையவில்லை எனலாம். மெய்யாகவே விடை கூறும் மீயொலிக் கருவி 1980களில் சீனத்தில் பரவியது. ஒரு குழந்தைக் கொள்கையும் அப்போது நடைமுறையில் இருந்தது. இரண்டும் சேர்ந்ததன் விளைவு மக்கள் கணக்கெடுப்பில் தெரிந்தது. 100 பெண் குழந்தைகளுக்குப் பிறந்த ஆண் குழந்தைகள் 1982இல் சுமார் 108, 1990இல் 111, 2000இல் 117, 2010இல் 118. கருவி பொய் சொல்லவில்லை. விடையைப் பெற்ற பின் மனிதர் செய்ததே அந்த எண்களில் இருக்கிறது. மருத்துவக் காரணமின்றிக் கருவின் பாலைக் கண்டறிவதை அந்நாடு 1994இல் இயற்றிய தாய்சேய் நலச் சட்டத்தால் தடை செய்தது. ஒரு குழந்தைக் கொள்கையும் 2016 முதல் கைவிடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் விகிதம் 111 அளவுக்கு இறங்கியது. இயற்கை அளவை அது இன்னும் எட்டவில்லை.

அதே 1994ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றமும் இப்பொருள் குறித்துச் சட்டம் இயற்றியது. கருவின் பாலைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறெவ்வகையிலோ தெரிவிப்பது நம் நாட்டில் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அச்சட்டத்தில் அங்கத்தினர் அறியவேண்டிய பிரிவு ஒன்றுள்ளது. கருவுற்ற பெண் இத்தகைய சோதனைக்கு உட்பட்டிருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், அவளுடைய கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினர் என்றே நீதிமன்றம் கொள்ளவேண்டும்.