கொல்லிமலையில் விசுவாசமும் கிரியையும்

புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் சிறியது, ஐந்தே அதிகாரம். உடுக்கத் துணியும் அன்றன்றைய உணவும் இல்லாதவனுக்கு எதுவும் கொடுக்காமல், வாயளவில் வாழ்த்தி அனுப்பினால் என்ன பயன் என்று அதன் இரண்டாம் அதிகாரம் கேட்கிறது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் தீர்ப்பு. விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்று போதித்த மார்ட்டின் லூதருக்கு இந்த நிருபம் உவப்பாக இல்லை. 1522-இல் வெளிவந்த தம் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோல் என்றே குறைத்து மதிப்பிட்டார். இறையியலார் நூற்றாண்டுகளாக வாதிட்டுவரும் இந்தக் கேள்விக்குக் கொல்லிமலையில் ஒரு குடும்பம் வாழ்ந்தே விடை சொன்னது.

வளப்பூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலை அது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலையாளி மக்களின் ஊர்களுக்கு நூறாண்டுகளுக்கு முன் சாலை கிடையாது. கடும் மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளிக்காரர்கள் மலையேறத் தயங்கினார்கள். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், 1913-இல் ஈவ்லினை மணந்துகொண்டு வாழவந்தியில் குடியேறினார்.

ஜெஸ்ஸி முழு மருத்துவர் அல்லர். மிஷனெரிகளுக்கான குறுகிய மருத்துவப் பயிற்சி மட்டும் பெற்றவர். அப்போது மலையில் நரம்புச்சிலந்தி நோய் பரவலாக இருந்தது. காலில் கொப்புளம் உடைந்து நூல்போலத் தலைநீட்டும் புழுவை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே நின்றுபோன பகுதி சீழ்பிடிக்கும். எனவே ஒரு குச்சியில் நாளுக்குச் சிறிதாகச் சுற்றிச் சுற்றி, பொறுமையாக வெளியே எடுக்கவேண்டும். ஜெஸ்ஸி இதைச் செய்தார். புழு வெளிவரும் காலோடு நீரில் இறங்கி மொள்ளுவதால் மாசுபடும் தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் பரவுகிறது என்பதால் நல்ல கிணறுகளுக்கும் வழிசெய்தார். பள்ளி, தச்சு வேலை, பழமரம் என்று அவருடைய ஊழியம் விரிந்தது.

இத்தனைக்கும் பல ஆண்டுகள் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. அதற்காக மருந்துப் பெட்டி மூடப்படவில்லை. இவர்களுடைய விசுவாசத்தின் உரைகல் பிற்பாடு எழுந்த சபையல்ல, பலன் தெரியாத அந்த ஆண்டுகளே. 1918-19இல் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, தம்பதியர் வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர், சாகும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். சபை வேரூன்றியது அதன் பிறகுதான்.

1929-இல் ஜெஸ்ஸி, மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அதன் பின் இங்கிலாந்து சென்ற ஈவ்லின் மீண்டும் திரும்பி வந்தார். 1947-இல் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அப்போது வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெற்ற கையோடு தன் பொறுப்பிலேயே மறுபடியும் மலையேறினார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை எனச் சுற்றுவட்டார மலைகளிலும் மட்டக்குதிரை மேல் போய் ஊழியம் செய்தார். இடுப்பெலும்பு முறிந்த பின் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவர்களுடைய மகன் பால் பிராண்ட் சிறுவயதை இந்த மலையில் கழித்தவர். அறுவைச் சிகிச்சை நிபுணராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், தம்மிடம் வந்த குஷ்டரோகியை இயேசு சொல்லால் மட்டும் குணமாக்கவில்லை, கைநீட்டித் தொடுகிறார். தொழுநோயாளிகளைத் தொடவே பலரும் கூசிய காலத்தில், பால் பிராண்ட் அவர்களுடைய கைகளைப் பிடித்துப் பார்த்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன கையால் ஒரு நோயாளி அவர் கையை வலிக்கும்படி இறுக்கியபோது, எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை என்று அவருக்குப் புரிந்தது. நல்ல தசையின் தசைநாரை இடம்மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. விரல்கள் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டே தேய்கின்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உணர்விழந்த பாதங்களுக்காக வேலூரில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய மென்ரப்பர் செருப்பை, எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில், இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.