மைக்கண்ணியை மறுபடி வாசித்தல்



பாமாவின் 'சங்கதி' 1994இல் வெளிவந்தது. எழுதியவர் நம் மாவட்டத்துக்காரர். வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் பிறந்தவர். இந்த நாவலில் கதாநாயகன் இல்லை. பறையர் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். இதை நாம் மூன்று முறை கூடி வாசித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வேறொருத்தி நம் எதிரே வந்து நின்றாள்.

முதலில் மாரியம்மா. விறகு பொறுக்கப் போனவள் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய இடத்தில் நிலக்காரர் அவளைப் பிடித்து இழுக்கிறார். தப்பி ஓடிவருகிறாள். அவரோ முந்திக்கொண்டு அவள்மீதே பழி போடுகிறார். ஊர்க்கூட்டம் அவளுக்கு அபராதம் விதிக்கிறது. அன்று நாம் நிலக்காரர்மீது கோபப்பட்டோம். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கூட்டம் யாருடையது? நம் தெரு ஆண்களுடையது. பேச வந்த பெண்களை அடக்கியதும் அவர்களே. நிலக்காரரைப் பகைக்கப் பயந்தவர்கள், அந்தப் பயத்தின் விலையை அவள் தலையில் கட்டினார்கள். அந்தப் பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டிவிட்டோம்.

அடுத்து ராக்கம்மா. அடிக்கிற புருசனைத் தெருவில் நின்று ஏசி, சேலையைத் தூக்கிக் காட்டுகிறவள். "இதையெல்லாம் எழுதலாமா? வெளியார் நம்மைக் கேவலமாக நினைக்கமாட்டார்களா?" என்று நம்மில் சிலர் கேட்டோம். ஒரு மூத்த தோழி சொன்னார்: "அவ கத்துனதப் பத்திக் கேக்குறீங்க. அடிச்சவனப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே?" அன்று யாரிடமும் பதில் இல்லை.

மூன்றாவது மைக்கண்ணி. அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சிறுமி. அம்மா எழுந்து வேலைக்குப் போனதும் கைப்பிள்ளைகளைப் பார்க்கிறவளும் அவளே. 'குழந்தைத் தொழிலாளர்' என்ற தலைப்புக்குள் அவளை அடைத்துப் பரிதாபப்பட்டோம்.

சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2016 சட்டத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்துவைத்தது. இவை தேவையான சட்டங்கள். ஆனாலும் மைக்கண்ணியின் பாதி உழைப்பையே சட்டம் பார்த்தது. வீட்டில் அவள் சுமந்த மீதியை எந்தச் சட்டமும் வேலையாக எண்ணவில்லை. நாமும் எண்ணவில்லை.

நாவல் மாறவில்லை. அதை நம்மை நோக்கித் திருப்பிப் பிடிக்க நமக்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

அன்றைய மைக்கண்ணிகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயதிருக்கும். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, சூலக்கரைப் பக்கமும் பட்டாசு ஆபீஸ் வேனுக்காக நிற்கிறார்கள். அவர்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் போட்டு, அவர்களைப் பற்றியே பேசுகிறோம்.

அடுத்த வாசிப்பை அவர்கள் தெருவில், அவர்களுக்குத் தோதான நேரத்தில் வைப்போம். முதலில் அவர்கள் பேசட்டும். அன்றைக்குச் சோறாக்குவதையும் பிள்ளைகளைப் பார்ப்பதையும் ஆண்கள் ஏற்போம்.