குளியலறைக்கு வரும் புழுப்பாம்பு

மழை விட்ட மறுநாள் குளியலறைத் தண்ணீர் போகும் துளை அருகே கறுப்பாக ஏதோ நெளிகிறது. மண்புழுதானே என்று விளக்குமாற்றால் தள்ளினால், மண்புழுவுக்கு வராத வேகத்தில் வளைந்து வளைந்து ஓடுகிறது. அதுதான் புழுப்பாம்பு. வளர்ந்தாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். நஞ்சு கிடையாது, நம்மைக் கடிக்க வாயும் போதாது.

மண்புழுவின் உடல் ஈரமாக, வளையம் வளையமாக இருக்கும். இதன் உடல் உலர்ந்து பளபளக்கும். தலையும் வாலும் ஒரே பருமன் என்பதால் எது எந்தப் பக்கம் என்று குழம்பும். நாக்கை நீட்டும் பக்கம்தான் தலை. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால், செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவைதான் கண்கள். வெளிச்சமா இருட்டா என்று அறிய மட்டுமே உதவும். பெரும்பாலான பாம்புகளுக்கு வயிற்றில் அகலமான செதில்கள் இருக்கும். இதற்கோ முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவுச் செதில்கள், உடலைச் சுற்றி 20 வரிசை. வால்நுனியில் சிறு முள் ஒன்று உண்டு, மண்ணில் ஊன்றி உந்துவதற்கு. கையில் எடுத்தால் அது குத்தும். 'கொட்டிவிட்டது' என்று பலர் பதறுவது இதற்காகத்தான். பட்டைகள் தெரிந்தாலோ, சாணுக்கு மேல் நீண்டிருந்தாலோ கை வைக்காதீர்கள். கட்டுவிரியன் குட்டியாக இருக்கலாம்.

தூங்கும்போது காதில் புகுந்துவிடும் என்ற பயமும் ஊரெங்கும் உண்டு. காதில் அதற்குத் தின்ன என்ன இருக்கிறது? அதன் உணவு எறும்பு, கறையான்களின் முட்டையும் புழுவும். பெரிய கறையானைப் பிடித்தால் அது செய்கிற வேலை வேடிக்கையானது. பின்பக்கத்திலிருந்து விழுங்கிக்கொண்டே போய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையைத் தரையில் தேய்த்து முறித்துப் போடும். கறையான் தலை எளிதில் செரிப்பதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் இதை விவரித்தார்கள்.

கிழக்குக் கடற்கரையில் பேட்ரிக் ரஸ்ஸல் திரட்டி 1796இல் வெளியிட்ட பாம்புப் படங்களில் இதுவும் இருந்தது; அதை வைத்து 1803இல் தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர் அறிவியல் பெயர் சூட்டினார். அன்று தொட்டு இன்றுவரை ஆண் புழுப்பாம்பை யாரும் கண்டதில்லை. குரோமோசோம்கள் வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று. இணை சேராமலே முட்டையிடும். பொரிந்து வருபவை எல்லாம் பெண். முழுக்கப் பெண்களாலேயே ஆன பாம்பினமாக அறியப்பட்டது இது ஒன்றுதான். ஆகவே நாற்றுத் தொட்டியின் மண்ணோடு ஒரே ஒரு பாம்பு கப்பலேறினாலும் போதும், அங்கே ஒரு குடும்பம் உருவாகிவிடும். ஹவாய், ஃபுளோரிடா எல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் கண்டால் உப்பும் மண்ணெண்ணெயும் வேண்டாம். ஒரு காகிதத்தில் ஏறவிட்டு, தோட்டத்து ஈர மண்ணில் விட்டால் நொடியில் உள்ளே போய்விடும். தண்ணீர்த் துளைக்குப் பொடிக்கண் வலை போட்டால் மறுபடி வராது.