பாக்கெட் இல்லாத யூனிஃபார்ம்: பெண் பிள்ளைகளுக்கான சீருடை விதிகள் நியாயமா இருக்கா?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். பள்ளி மாணவி ஒருவரின் மரணம் பற்றிய குறிப்பு நடுவில் வருகிறது.)

இன்னைக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது என் ஜாமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ் இருக்காது. மாசத்துல அஞ்சு நாள், அதுக்குள்ள ஒரு நாப்கின் மடிச்சு இருக்கும். நான் அந்த பாக்ஸைக் கையில எடுத்துக்கிட்டு பாத்ரூம் கிளம்பினா, கிளாஸ்ல இருக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும் விஷயம் புரிஞ்சிடும். ஒரு நாள் தமிழ் பீரியட்ல சார் கேட்டார், "தமிழ் கிளாஸ்ல எதுக்கும்மா ஜாமெட்ரி பாக்ஸ்? வெச்சுட்டுப் போ." பின் பெஞ்ச் பசங்க சிரிச்சாங்க. நான் "ஒண்ணும் இல்ல சார்"னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். அன்னைக்கு லஞ்ச் வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல.

சார் மேல எனக்குக் கோபம் இல்ல. அவருக்குத் தெரியாது. ஆனா ஏன் ஒரு பொண்ணு நாப்கினை ஜாமெட்ரி பாக்ஸ்ல எடுத்துட்டுப் போகணும்? ஏன்னா எங்க சுடிதார்ல பாக்கெட் கிடையாது. அதுக்கு மேல போடுற ஓவர்கோட்லயும் பாக்கெட் கிடையாது. பக்கத்து வரிசையில உக்காந்திருந்த பையனுக்கு சட்டையில ஒண்ணு, பேன்ட்ல ரெண்டு, பின்னாடி ஒண்ணு. அதுல அவன் வெச்சிருந்தது ஒரு சீப்பு.

இந்த ஒரு பாக்கெட்டை வெச்சுத்தான் இன்னைக்கு முழுக்கப் பேசப் போறேன். பெண் பிள்ளைகளுக்கான யூனிஃபார்ம் விதிகள் நியாயமா இருக்கா? நடைமுறைக்கு ஒத்துவருதா? இது ரெண்டும் வேற வேற கேள்வி. தனித்தனியா பார்ப்போம்.

முதல்ல, யூனிஃபார்ம் எதுக்கு?

இதை நான் எங்க அம்மாகிட்ட பேசினேன். "யூனிஃபார்மே வேண்டாம்னு சொல்லப் போறியாடி?"ன்னாங்க. இல்லம்மா, சும்மா கேட்டுக்கறேன்னேன். அம்மா சொன்னது இதுதான்: "எனக்கு ஸ்கூலுக்குப் போறதுக்கு ரெண்டு பாவாடை தாவணி. ரெண்டும் யூனிஃபார்ம். வீட்டுல போட வேற ஒண்ணு, அதுவும் பெரியம்மா பொண்ணோடது. கலர் டிரஸ் போட்டுட்டு வரச் சொன்ன அன்னைக்கு நான் காய்ச்சல்னு லீவு போட்டுடுவேன்."

அம்மா சொன்ன அந்தப் பொய்க் காய்ச்சல் முக்கியமான விஷயம். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை வித்தியாசம் வகுப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியக் கூடாதுங்கிறதுதான் யூனிஃபார்மோட அடிப்படை. தமிழ்நாட்டுல அரசுப் பள்ளியிலயும் அரசு உதவி பெறும் பள்ளியிலயும் சத்துணவுத் திட்டத்துல சேர்ந்திருக்கிற எட்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளுக்கு, வருஷத்துக்கு நாலு செட் சீருடை இலவசமா கிடைக்குது.

நம்ம ஊர்ல இன்னொரு காரணமும் இருக்கு. சாதி. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பட்டியல் சாதி மாணவர் ஒருத்தரையும் அவர் தங்கச்சியையும் உடன் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டின சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில அரசு ஒரு குழு அமைச்சது. 2024 ஜூன்ல வந்த அந்த அறிக்கையில, மாணவர்கள் சாதியைக் காட்டுற கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இதெல்லாம் பள்ளிக்குள்ள கூடாதுன்னு பரிந்துரை இருந்துச்சு. மணிக்கட்டுல கட்டுற ஒரு கயிறுக்கே இவ்வளவு அர்த்தம் இருக்கிற ஊர்ல, எல்லாரும் ஒரே துணியில வர்றதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. அதனால, யூனிஃபார்மே வேண்டாம்னு நான் சொல்ல வரல. யூனிஃபார்ம் சமத்துவத்துக்காகன்னா, அதோட விதிகளும் சமமா இருக்கணும் இல்லையா? அங்கதான் என் கேள்வி.

நியாயமா?

எங்க ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு இருந்த விதிகளைச் சொல்றேன். நீங்களும் உங்க லிஸ்ட்டை மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. ரெட்டை ஜடை, மடிச்சுக் கட்டணும், கறுப்பு ரிப்பன். பூ கூடாது. கொலுசு கூடாது. கண்ணாடி வளையல் கூடாது. சுடிதார் முழங்காலுக்குக் கீழ இருக்கணும். அதுக்கு மேல ஓவர்கோட். எங்க சீனியர் அக்காங்களுக்கு ஓவர்கோட்டுக்குப் பதிலா ஷால். அதை V மாதிரி மடிச்சு ரெண்டு தோள்லயும் பின் குத்தணும்.

பசங்களுக்கும் விதி இருந்துச்சு. முடி வெட்டணும், சட்டையை இன் பண்ணணும், பெல்ட் போடணும். எங்க பி.டி. சார் கையில கத்தரிக்கோல் வெச்சுக்கிட்டு கேட்டுல நிப்பார். அதனால பசங்களுக்குக் கஷ்டமே இல்லன்னு சொன்னா அது பொய்.

ஆனா விதிக்குச் சொல்ற காரணத்தைக் கவனிங்க. "ஏன் முடி வெட்டணும்?"னு ஒரு பையன் கேட்டா, "ஒழுங்கா, நீட்டா இரு"ன்னு பதில் வரும். "ஏன் ஓவர்கோட் போடணும்?"னு ஒரு பொண்ணு கேட்டா, "ஆம்பளைப் பசங்க படிக்கிற இடம்மா"ன்னு பதில் வரும். முதல் பதில் அந்தப் பையனைப் பத்தினது. ரெண்டாவது பதில் அந்தப் பொண்ணைப் பத்தினதே இல்ல. அடுத்தவன் பார்வைக்கு இவ பொறுப்பு ஏத்துக்கணும், அதுக்கு ஒரு எக்ஸ்ட்ரா துணி. பதிமூணு வயசுல ஒரு பொண்ணு இதுல இருந்து என்ன கத்துக்கிறா? தன் உடம்பு ஒரு பிரச்சினை, அதை மூடி வைக்கிறது தன் வேலைன்னு. சிலபஸ்ல இது இல்ல. ஆனா தினமும் காலையில நடக்கிற பாடம்.

இந்தக் கேள்வி நம்ம ஊர்ல மட்டும் இல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்ட்டர் டே ஸ்கூல் என்று ஒரு பள்ளி. பெண் பிள்ளைகள் பாவாடை மாதிரியான உடைதான் போட வேண்டும், பேன்ட் கூடாது என்று அங்கே விதி. 2016இல் மூன்று மாணவிகள் சார்பில் வழக்குப் போட்டார்கள். குளிர்காலத்தில் கால் விறைக்கிறது, தரையில் உட்கார முடியவில்லை, ஓடி விளையாட முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன குறைகள். 2022 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி சட்டத்தின் முன் சமம் என்ற உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. பள்ளி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவை எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஒரு பாவாடைக்கு ஏழு வருஷம் கேஸ். ஆனா அந்தப் பிள்ளைங்க வெச்ச வாதம் ரொம்ப எளிமையானது: என்னால ஓட முடியல. இங்கதான் ரெண்டாவது கேள்வி வருது.

நடைமுறைக்கு ஒத்துவருதா?

ஒரு யூனிஃபார்ம் நல்லதா இல்லையான்னு பார்க்க, அதை ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்தா போதும். காலையில இருந்து ஆரம்பிப்போம்.

பஸ். பாஸ் கையில, பை தோள்ல, இன்னொரு கையால கம்பியைப் பிடிக்கணும். பாஸை வைக்க பாக்கெட் இல்ல. சைக்கிள். பதினொண்ணாவது வந்தா அரசாங்கமே இலவச சைக்கிள் தருது. பொண்ணுங்க தூரத்துப் பள்ளிக்கும் தைரியமா போய்ப் படிக்கிறதுக்கு இது பெரிய உதவி. ஆனா அதுல ஏறினதும் ஷால் நுனி சக்கரத்துல மாட்டாம பார்த்துக்கணும். சைக்கிள் கொடுத்தவங்களும் ஷால் கொடுத்தவங்களும் ஒரு தடவை பேசிக்கிட்டா நல்லா இருக்கும்னு தோணும்.

அடுத்து பி.டி. பீரியட். பசங்க சட்டையை வெளிய எடுத்து விட்டுட்டு கிரவுண்டுக்கு ஓடிடுவாங்க. நாங்க ஓவர்கோட்டோட வேப்ப மரத்தடியில உக்காந்து பேசிக்கிட்டு இருப்போம். "பொண்ணுங்களுக்கு விளையாட்டுல ஆர்வம் இல்ல"ன்னு சார் சொல்வார். ஜூன் மாச வெயில்ல ரெண்டு அடுக்குத் துணியோட கபடி ஆடச் சொன்னா யாருக்கு ஆர்வம் வரும்?

அப்புறம் வெள்ளை யூனிஃபார்ம். வாரத்துல ஒரு நாள் வெள்ளைன்னு பல பள்ளிக்கூடங்கள்ல வழக்கம். அந்த நாள் பீரியட்ஸ் நாளா இருந்தா, ஒரு பொண்ணு அன்னைக்குப் பாடத்தைக் கவனிக்க மாட்டா. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் பின்னாடி இருக்கிறவகிட்ட "பாருடி"ன்னு கேட்பா. அவ பார்த்துட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாதான் அடுத்த மூச்சு.

இதைச் சாதாரண விஷயம்னு யாராவது சொன்னா, ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்தணும். 2017 ஆகஸ்ட்டில் திருநெல்வேலி மாவட்டத்தில், ஏழாம் வகுப்பு படித்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். சீருடையில் மாதவிடாய்க் கறை பட்டதற்காக வகுப்பில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தப்பட்டாள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த எந்தப் பெண்ணுக்கும் அந்த வகுப்பறை எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. (இதைக் கேட்டு உங்க மனசு கனமா இருந்தா, 14416ங்கிற டெலிமானஸ் எண்ணுக்கு எப்ப வேணும்னாலும் இலவசமா கூப்பிட்டுப் பேசலாம்.)

தமிழ்நாட்டுல புதுயுகம் திட்டத்துல பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் கொடுக்கிறாங்க. நல்ல திட்டம். ஆனா அதை கிளாஸ்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் எடுத்துட்டுப் போக ஒரு பாக்கெட் வேணுமே!

அப்போ எல்லாருக்கும் பேன்ட் சட்டையா?

கேரளாவில் இதை முயற்சி செய்து பார்த்தார்கள். எர்ணாகுளம் மாவட்டம் வளையஞ்சிரங்கர அரசுத் தொடக்கப் பள்ளியில் 2018 வாக்கில் பையன், பொண்ணு எல்லாருக்கும் ஒரே மாதிரி முழங்கால் வரைக்கும் கால்சட்டை, சட்டை என்று மாற்றினார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி ஆட வசதி என்பதுதான் காரணம். 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலும் பேன்ட் சட்டை வந்தது. வரவேற்பும் இருந்தது, போராட்டமும் நடந்தது. சில முஸ்லிம் அமைப்புகள், இது எங்கள் பெண்கள் மேல் திணிக்கப்படுகிறது என்றார்கள். முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் போட்டுக்கொள்ளலாம் என்று பள்ளி சொன்னது. எந்த உடையையும் திணிக்கும் எண்ணம் இல்லை என்று கேரள அரசும் 2022இல் சொன்னது.

எனக்கு இதுல ரெண்டு பக்கமும் புரியுது. வசதியான உடைக்கு நான் கை தூக்குவேன். ஆனா "சமம்"னா பொண்ணுங்க பசங்க டிரஸ்ஸுக்கு மாறணும்னு மட்டும் அர்த்தமா? நாளைக்கே பேன்ட் கட்டாயம்னு சொன்னா, சுடிதார்ல வசதியா இருக்கிற பொண்ணு திரும்பவும் யாரோ சொன்னதைத்தான் போடணும். ஒரே கலர், ஒரே துணி, அதுக்குள்ள சுடிதாரோ பேன்ட் சட்டையோ அவளே தேர்ந்தெடுக்கட்டும். அம்மா பயந்த பணக்காரன் ஏழை வித்தியாசமும் வராது, இவளுக்கும் ஓட முடியும்.

பாக்கெட்டுக்குத் திரும்புவோம்

அரசுப் பள்ளி இலவசச் சீருடையைத் தைக்கிறது யார் தெரியுமா? மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துல இருக்கிற பெண்கள். எங்க தெருவுல அப்படி ஒரு அக்கா இருக்காங்க. நான் போய்க் கேட்டேன், "அக்கா, சுடிதார்ல ஒரு பாக்கெட் வெச்சா ரொம்ப வேலையா?"

அக்கா மெஷினை நிறுத்தாமலே சொன்னாங்க: "சைடு தையல்ல உள்பக்கமா வெக்கலாம். ஒரு சாண் துணி போதும். வெட்டுல மிச்சமாகிற துணியிலயே வந்துடும். ஆனா மாடல்ல எப்படி இருக்கோ அப்படித்தான் நாங்க தைக்கணும். மாடல்ல பாக்கெட் இல்ல." கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே, "என் பொண்ணுதுல நான் வெச்சிருக்கேன்"ன்னாங்க.

அக்கா கையில திறமை இருக்கு, துணி இருக்கு. மாடலை முடிவு பண்ற இடத்துல அவங்க பொண்ணு இல்ல, அவ்வளவுதான். நியாயம், நடைமுறைன்னு நான் பிரிச்ச ரெண்டு கேள்வியும் கடைசியில இங்கதான் வந்து சேருது. அந்த உடையைப் போடப் போறவகிட்ட யாராவது கேட்டாங்களா?

கேட்க வைக்க வழி இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். நீங்க இன்னும் ஸ்கூல்லதான் இருக்கீங்கன்னா, உங்க அம்மாகிட்ட சொல்லி அடுத்த கூட்டத்துல மூணு விஷயம் கேட்கச் சொல்லுங்க. சுடிதார்ல பாக்கெட். பி.டி. இருக்கிற நாள்ல ஓவர்கோட், ஷால் இல்லாம வர அனுமதி. வெள்ளைக்குப் பதிலா அடர் நிறத்துல பேன்ட். தனியார் பள்ளின்னா பேரன்ட்ஸ் மீட்டிங்ல கேட்கலாம். நாலு பேர் கையெழுத்து போட்டு எழுதிக் கொடுத்தா இன்னும் நல்லது.

நான் அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னப்போ, "அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா நானே பாக்கெட் தைச்சுக் கொடுத்திருப்பேனே, ஏன்டி சொல்லல?"ன்னாங்க. எனக்குச் சொல்லத் தோணல. எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சிருந்தேன். இப்ப இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற ஒன்பதாவது படிக்கிற தங்கச்சிக்குத்தான் இந்த எபிசோட். சொல்லும்மா. வீட்டுல சொல்லு, ஸ்கூல்ல சொல்லு.

உங்க ஸ்கூல்ல இருந்த விதி என்ன, அதுக்கு என்ன காரணம் சொன்னாங்கன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பசங்களும் அனுப்பலாம், அந்தக் கத்தரிக்கோல் கதையையும் ஒரு நாள் பேசுவோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.