இன்பத்தை அளந்தவர்கள்

நெல்லைக் கொத்தாலும், காணியைப் பரப்பாலும், துணியை முழத்தாலும் அளக்கின்றோம். மாணாக்கரின் அறிவைப் புள்ளிகளால் அளந்துவிட்டதாகப் பள்ளிக்கூடங்களும் ஒருவாறு நம்பியிருக்கின்றன. இவ்வாறே இன்பத்தையும் அளத்தல் கூடுமோ? கேட்ட மாத்திரத்தில் நகைப்புக்குரிய வினாவாகவே தோன்றும். ஆயினும், கூர்த்த அறிவினர் பலர் இம்முயற்சியில் இறங்கியுள்ளனர். அவர்கள் வெவ்வேறு நாட்டினர்; நூற்றாண்டுகள் பல இடையிட்டு வாழ்ந்தவர்; ஒருவர் கோலை ஒருவர் கண்டு செய்தவரல்லர். அளக்கப் புகுந்த இடத்திலெல்லாம் அவர்களுக்கு ஒரே இடர்ப்பாடு குறுக்கே நின்றது. அவ்விடர்ப்பாட்டினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைமையால் முதலில் வைத்தெண்ணத்தக்கது தைத்திரீய உபநிடதம். அதன் ஆனந்தவல்லியில் ஆனந்தத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி வருகின்றது. நல்லொழுக்கமும் கல்வியும் உடல்வலியும் உள்ள ஓர் இளைஞன்; செல்வம் நிறைந்த இந்நிலவுலகம் முழுவதும் அவனுக்கே உரியது. அவன் நுகரும் இன்பம் எவ்வளவோ அதுவே ஓரலகு என உபநிடதம் வகுத்துக்கொள்கின்றது. அதுபோல் நூறு மடங்கு, மனிதராய் இருந்து கந்தருவ நிலை எய்தினோரின் இன்பம். அதன் நூறு மடங்கு தேவகந்தருவரின் இன்பம். இவ்வாறே பிதிரர், மூவகைத் தேவர், இந்திரன், பிரகற்பதி, பிரசாபதி என்று படிகள் ஏறிச்சென்று பிரமானந்தத்தில் முடிகின்றன. படிதோறும் நூறாற் பெருக்கினால், ஒன்றுடன் இருபது சுழியங்களைச் சேர்த்து எழுதவேண்டிய தொகை வரும். பிருகதாரணிய உபநிடதத்தில் யாஞ்ஞவற்கியர் சனகனுக்கு உரைத்த பகுதியிலும், படிகள் குறைந்த இத்தகைய ஏணி ஒன்று உண்டு.

பேரெண்களைக் கண்டு வியந்து நின்றுவிடுவோர் இப்பகுதியின் உயிர்நிலையைத் தவறவிடுவர். இரண்டாம் படி தொடங்கி ஒவ்வொரு படியிலும் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகின்றது. வேதம் ஓதி உணர்ந்தவனாய், ஆசையால் தாக்கப்படாதவனாய் உள்ள ஒருவனுக்கும் அந்த இன்பம் உரியது என்பதே அத்தொடரின் கருத்து. கந்தருவனாகப் பிறவாமலே கந்தருவ இன்பம்; இந்திர பதவி எய்தாமலே இந்திரனின் இன்பம். சங்கரர் தம் உரையில், கல்வியும் பாவமின்மையும் எல்லாப் படிகளுக்கும் பொது என்றும், ஆசையின்மை மிகுதற்கேற்பவே இன்பம் மிகுகின்றது என்றும் விளக்கினார். ஆகவே, நூறு நூறாகப் பெருக்கிக்கொண்டு சென்ற அதே நூல், இன்பம் பெருகுதற்கு மற்றுமொரு வழியையும் கூடவே காட்டியது. பெற்றதைப் பெருக்கலாம், வேண்டுவதைக் குறைக்கலாம். இரண்டினாலும் ஒரே படியை அடையலாம்.

இக்கருத்து வைதிகருக்கு மட்டும் உரியதன்று. துன்பத்துக்கு வேர் வேட்கையே என்பது பௌத்தத்தின் அடிப்படை. ஏதென்சில் தோட்டமொன்றில் நண்பரோடு வாழ்ந்த எபிகியூரசு, இன்பமே வாழ்வின் பயன் எனக் கூறியமையால் உண்டாட்டுக்காரர் எனப் பிற்காலத்தாரால் வீண்பழி சுமந்தார். உண்மையில் அவர் உரொட்டியும் நீரும் போதும் என்றவர். இயற்கையும் இன்றியமையாமையும் உடைய ஆசைகளை மட்டும் நிறைவேற்றி ஏனையவற்றைக் கைவிடுதலே இன்பநெறி எனக் கற்பித்தவர். திருவள்ளுவரும் துறவறவியலில் அவாவறுத்தலுக்கென ஓரதிகாரம் வகுத்தார்.

இனி மேலைநாட்டுப் புதுக் கணக்கினைப் பார்ப்போம். ஆங்கிலச் சட்ட அறிஞர் செரமி பெந்தம் 1789 இல் வெளியிட்ட நூலில், இன்பதுன்பங்களை ஏழு கூறுகளால் நிறுக்கலாம் என்றார். அவற்றின் வன்மை எவ்வளவு, எவ்வளவு காலம் நிற்கும், வருவது உறுதியா, அண்மையிலா சேய்மையிலா, மேலும் இன்பத்தை ஈனுமா, துன்பக் கலப்பு உண்டா, எத்தனை பேரைச் சேரும் என்பனவே அவை. இதை வறட்டுக் கணக்கென்று இகழ்தல் எளிது. ஆனால் சட்டம் இயற்றுவோர் ஏழையின் துன்பத்தையும் பிரபுவின் துன்பத்தையும் ஒரே தராசில் இடவேண்டும் என்ற நேர்மை அதனுள் இருந்தது. பின்னர் 1881 இல் எட்ச்வேத் என்னும் பொருளியலறிஞர், ஒருவர் நுகரும் இன்பத்தைக் கணந்தோறும் பதியும் ஒரு கருவியையே கற்பனை செய்தார். அக்கருவி செய்யப்படவில்லை. நல்லதே!

பெந்தத்தின் கணக்கிலேயே பிறந்து வளர்ந்தவர் யோன் ஸ்ருவேட் மில். 1806 இற் பிறந்த அவர் மூன்று வயதிற் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்கத் தொடங்கினார். பெரும்பான்மையோரின் இன்பத்தைப் பெருக்குதலே வாழ்வின் குறிக்கோள் எனத் தந்தையார் அவரைப் பயிற்றியிருந்தார். 1826 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இருபது வயதினரான மில் தம்மைத் தாமே ஒரு வினா வினாவினார்: நான் விரும்பிய சீர்திருத்தம் யாவும் இக்கணமே நிறைவேறிவிட்டால் எனக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? இல்லை என்ற விடை உள்ளிருந்து தயக்கமின்றி எழுந்தது. வாழ்வின் அடித்தளம் சரிந்தாற் போலாயிற்று. மாதக்கணக்கில் இருள் சூழ்ந்திருந்தது.

அவரை மீட்டது கணக்கன்று. பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொந்தேல் தம் வாழ்க்கை வரலாற்றில், தந்தை இறந்தபோது சிறுவனாகிய தாமே குடும்பத்தைத் தாங்குவதென உறுதி பூண்டதைக் கூறியிருக்கிறார். அதைப் படித்து மில் கண்ணீர் விட்டார்; அதனோடு சுமை சற்றுக் குறைந்தது. 1828 இல் வேட்ஸ்வேத்தின் கவிதைகள் மேலும் ஆறுதல் அளித்தன. இன்பத்தை நேரே குறிவைப்போர்க்கு அது எய்தாது, வேறொன்றைக் குறிக்கோளாகக் கொண்டு நடப்போர்க்கு அது வழியிலே வந்து சேரும் என்று தம் வரலாற்றில் எழுதினார். அந்நூல் அவர் இறந்த 1873 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அம்மாதங்களில் மில்லிடமும் ஆசை இருக்கவில்லை. ஆயினும் அது உபநிடதம் கூறிய ஆசையின்மையன்று; வற்றிய கிணறு போன்றது. ஆசையின்மையிலும் வகையுண்டு என்பது இதனால் விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டில் உளவியலார் இவ்வேலையை ஏற்றனர். அவர்களும் ஓர் ஏணியையே கையிலெடுத்தமை வியப்பைத் தருகின்றது. ஹட்லி கான்ரில் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1965 இல் வெளியிட்ட நூலில் இது விரிவாக இடம்பெற்றது. பல நாட்டு மக்களிடம் ஓர் ஏணியைக் காட்டி, உச்சிப்படி நீர் எண்ணக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு, அடிப்படி மிக இழிந்த வாழ்வு, இன்று நீர் நிற்பது எப்படியில் என்று வினாவினர். சுழியத்திலிருந்து பத்து வரை எண்ணிட்ட அவ்வேணியே, 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கைக்கும் அடிப்படை. 2018 முதல் 2025 வரை ஆண்டுதோறும் பின்லாந்து முதலிடம் பெற்றது இக்கோலின்படியே. கோலைச் சற்று உற்று நோக்குக. உச்சிப்படியை அமைத்துக்கொள்பவர் அளக்கப்படுபவரே. ஒருவரின் பத்தாம் படி அரண்மனையாகவும், மற்றொருவரின் பத்தாம் படி ஒழுகாத கூரையாகவும் இருக்கலாம். இருவரும் ஏழு என்றே விடை கூறலாம்.

1978 இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநில லொத்தரிற் பெரும்பரிசு பெற்ற 22 பேரையும், பரிசு பெறாத 22 பேரையும், விபத்தில் உறுப்புகள் செயலிழந்த 29 பேரையும் விசாரித்தனர். ஐந்து புள்ளிகளுக்குப் பரிசு பெற்றோர் 4.00, பெறாதோர் 3.82, விபத்துக்குள்ளானோர் 2.96. முன்னிருவர்க்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றாமவரும் நடுப்புள்ளிக்கு மேலேயே நின்றனர். நண்பரோடு உரையாடுதல், காலையுணவு, ஒரு நகைத்துணுக்கு ஆகிய அன்றாடச் சிற்றின்பங்களில் பரிசு பெற்றோர் மற்றவரைவிடக் குறைவாகவே மகிழ்ந்தனர். செல்வம் வந்ததும் அளவுகோலும் நீண்டுவிட்டது. இவ்வாய்வுக்கு ஆட்தொகை சிறிது. அதனைப் பொதுவிதியாக்குதல் தகாது. சுவீடனில் லொத்தர் வென்றோரைப் பெருந்தொகையாக ஆராய்ந்து 2020 இல் வெளியிட்டோர், வாழ்வைப் பற்றிய மனநிறைவு பத்தாண்டுக்கு மேலும் உயர்ந்தே நின்றது என்று கண்டனர். பணத்தால் ஒன்றுமில்லை என மேடையிற் பேசுவோர் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

இனித்தான் இடர்ப்பாட்டின் கடுமையான பக்கம் வருகின்றது. ஆசை குறைந்தால் ஏணியில் உயரலாம் என்றால், ஆசைப்படவே இடமளிக்கப்படாதவர் எங்கே நிற்பார்?

1943 இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில், சுகாதார நிறுவனம் ஒன்று துணையை இழந்த ஆண்களையும் பெண்களையும் அவர்தம் உடல்நலம் பற்றிக் கேட்டது. மனைவியை இழந்த ஆண்களில் நூற்றுக்கு 48.5 பேர் நலமில்லை அல்லது நலம் குன்றியுள்ளோம் என்றனர். கைம்பெண்களிலோ அவ்வாறு கூறியவர் நூற்றுக்கு 2.5 பேர் மட்டுமே. அக்காலத்து வங்கக் கைம்பெண்கள் ஒரு வேளை உணவும் நோன்பும் புறக்கணிப்புமாய்க் காலங்கழித்தவர்கள். அவர்கள் ஆடவரினும் நலம் மிக்கவர் என்று எவரும் கொள்ளார். தமக்கென ஒரு நலம் உண்டு, அதைக் கேட்க உரிமையும் உண்டு என்று நினைக்கும் பழக்கமே அவர்களிடம் எஞ்சவில்லை. இதனை எடுத்துக்காட்டிய பொருளியலறிஞர் அமர்த்தியா சென், நெடுநாள் அடக்கப்பட்டவர் சிறியதிலும் மனநிறைவு கொள்ளக் கற்றுவிடுவர் என்றும், ஆதலால் மனநிறைவை மட்டும் அளக்கும் கோல் அநீதியை மறைக்கும் என்றும் வாதித்தார். ஒருவர் எவ்வளவு மகிழ்கின்றார் என்பதோடு அமையாது, அவர் என்ன செய்யவும் என்னவாக இருக்கவும் வல்லவர் என்பதை நோக்குக என்பது அவர் கொள்கை.

பூட்டான் அரசு இதற்கு ஒரு விடை கண்டதாகச் சிலர் கூறுவர். அந்நாட்டின் நாலாம் மன்னர் 1970களில், நாட்டு உற்பத்தியினும் மகிழ்ச்சியே பெரிது என்றார். 2008 இன் அரசியல் யாப்பிலும் அது இடம்பெற்றது. அவர்களது சுட்டெண் ஒன்பது துறைகளில் முப்பத்துமூன்று குறிகளை நோக்குகின்றது. குறிதோறும் 'இது போதும்' என ஓர் எல்லை உண்டு. அதற்கு மேற்பட்ட மிகுதி கணக்கிற் சேர்வதில்லை. எண்ணத்தில் இது சிறந்த அமைப்பே. ஆயினும் 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, நேபாளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் தங்கிய நேபாள மொழியினர் ஏறக்குறைய ஓரிலட்சம் பேர். அளக்கப்படும் மக்கள் யாவர் என்ற வினா, கோலைப் பற்றிய வினாவுக்கு முந்தியது. இடப்பெயர்வை அறிந்த நம் போன்றோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மீண்டும் உபநிடதத்தின் அத்தொடருக்கு வருவோம். அதில் ஆசையால் தாக்கப்படாமை மட்டும் கூறப்படவில்லை. கற்றுணர்ந்தவன் என்ற சொல்லும் கூடவே நிற்கின்றது. சங்கரர் அழுத்தம் முழுவதையும் ஆசையின்மை மீது வைத்தார். ஆயினும் முதற் சொல்லைப் பொதுவென்று கடந்து செல்லல் ஆகாது என்பது என் துணிபு. எவை விரும்பத்தக்கன என்று ஓதி உணர்ந்து, பெறும் ஆற்றலும் உடையனாயிருந்து, பின் ஆசையைக் கடந்தவன் ஒருவன். எதையும் விரும்புதற்கு விடப்படாதவள் சிங்கூர்க் கைம்பெண். புறத்தே இருவரும் ஒரே விடையைக் கூறலாம். அவளை அப்படியில் ஏற்றிவைக்க அத்தொடர் இடந்தரவில்லை, அவள் ஓதுவிக்கப்படவுமில்லை.

வள்ளுவரும் இவ்விரண்டையும் கலந்து மயங்கினாரல்லர். அவாவறுத்தலை அவர் வைத்தது துறவு மேற்கொண்டார்க்கு. இல்லாதவனை நோக்கி, உள்ளதைக் கொண்டு மகிழ்க என அவர் கூறவில்லை. பொருட்பாலில் நல்குரவின் கொடுமையை ஓரதிகாரத்தாற் கூறினார். இரந்தே உயிர்வாழ வேண்டியதாயின் படைத்தவனையே வெகுண்டு நின்றார். முயற்சியைப் போற்றும் ஆள்வினையுடைமையும் அப்பாலிலேயே உள்ளது.

உபநிடதத்தின் ஏணியைப் படிக்கும் மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆசையின்மையைக் கூறும் அத்தொடர் முதற்படியில் இல்லை. அங்கே நிற்பவன் அந்த இளைஞன். ஒழுக்கமுள்ளவன், படிப்பவன், உறுதியான உடல் வாய்ந்தவன். அவனை ஆசையற்றவனாக இருக்குமாறு அந்நூல் கேட்கவில்லை. முதலில் உலகம் முழுவதையும் அவன் கையிற் கொடுத்துவிட்டே அளக்கத் தொடங்குகின்றது.